கடிகாரம் வரையச் சொன்னால் கையைச் சோதிக்கிறார்களா, மூளையையா?

எங்கள் மாமாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடம். கடலூர் பழைய நகரத்தில் (ஓ.டி.) மீன் ஏலக் கணக்கு எழுதியவர். இப்போது எழுத உட்கார்ந்தால் வரி முடிவதற்குள் எழுத்து எறும்பு சைஸுக்குச் சுருங்கிவிடுகிறது. போன மாதம் பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஞாபகமும் யோசனையும் எப்படி இருக்கின்றன என்று தாளில் சோதித்து, 30-க்கு 19 என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தை வீடு வந்து சேரும் வரை வாயே திறக்கவில்லை. மாமாவோ திரும்பும்போது கண்டக்டர் தர வேண்டிய மூன்று ரூபாயை மறக்காமல் கேட்டு வாங்கினார்.

அந்த 19-ல் கை எவ்வளவு, மூளை எவ்வளவு? இந்தக் கேள்விதான் என்னைக் கண் அசைவுச் சோதனை பக்கம் இழுத்துப் போனது.

தாளைக் குறை சொல்ல முடியாது, அது லேசான ஆயுதம் இல்லை. ஞாபகத்தையும் யோசனையையும் சோதிக்கும் தாள்களில் 1975-ல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005-ல் வந்த மோகா, இரண்டுக்கும் மொத்தம் 30 மார்க். மோகாவில் 26 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாகப் பரவாயில்லை என்பார்கள். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மார்க் கூட்டிப் போடுவார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், தமிழிலும் உண்டு. ஆனால் கனசதுரத்தைப் பார்த்து வரை, கடிகாரம் வரை, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணை என்பதெல்லாம் கை வேலை. ஒரே நிமிடத்தில் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல் என்றால் அது பாதி வாய் வேலை. பார்க்கின்சன்காரருக்கு இரண்டுமே தகராறு. மாத்திரை வேலை செய்கிற நேரமா, அதன் வேகம் இறங்கின நேரமா என்று யாரும் கேட்கவும் இல்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

கண் சோதனையில் பேனாவே கிடையாது. தாடையை ஒரு தாங்கியில் வைத்துத் திரையைப் பார்க்க வேண்டும். அகச்சிவப்புக் கேமரா கருவிழியைப் பின்தொடரும். இடப்பக்கம் புள்ளி தோன்றினால் வலப்பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். செய்து பார்த்தால்தான் தெரியும் வில்லங்கம்: புதிதாக ஒன்று தோன்றினால் கண் தானாகவே, சுமார் 0.2 விநாடியில், அங்கே தாவிவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது மூளையின் முன்பகுதி. எத்தனை முறை ஏமாந்தார் என்பதோடு, ஏமாந்த பிறகு தானே திருத்திக்கொண்டாரா என்பதையும் பார்ப்பார்கள், எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். திருத்தினால் விதி மனதில் இருக்கிறது, அடக்குவதில்தான் சிக்கல். அல்சைமரில் திருத்தாமல் விடுவது அதிகம்.

ஏ.எல்.எஸ். என்கிற நரம்பு நோயில் கையும் பேச்சும் போன பிறகும் கண் அசைவு பெரும்பாலும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அங்கே நான் யோசிக்காமல் கண் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் நோய் கண்ணையே பிடித்திருந்தால்? 1964-ல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மருத்துவர்கள் விவரித்த பி.எஸ்.பி. என்கிற மூளை நோயில் மேலும் கீழும் பார்ப்பதே மந்தமாகி நின்றுவிடும். பார்க்கின்சன் மாதிரியே தொடங்குவதால் பலரும் குழம்பும் நோய் இது. பார்க்கின்சனிலும் கண்ணின் தாவல் குட்டையாகும். அப்போது எண்ணத்தை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கண் தசையையும் நரம்பையும் அளந்துகொண்டிருப்போம், தாளில் கை செய்த அதே குளறுபடி. நோயே இல்லாத வயதானவர்களும் சின்னவர்களைவிட அதிகம் தவறுவார்கள். அப்புறம், ஐந்து சொல்லைக் கொடுத்து ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பது, இன்றைக்கு என்ன தேதி என்பது, இதெல்லாம் புள்ளி விளையாட்டில் வராது. கருவியும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான்.

நடுவில் ஓசி வழி ஒன்று இருக்கிறது. டாக்டர் இரண்டு கையையும் உயர்த்தி ஒரு விரலை ஆட்டுவார், ஆடாத விரலைப் பார்க்க வேண்டும். மில்லிவிநாடிக் கணக்கெல்லாம் கிடைக்காது, ஆனால் பத்து முறையில் எத்தனை தவறு என்று எண்ணலாம்.

மாமாவுக்கு என் கணக்கு இதுதான்: மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் தாள் சோதனை மறுபடியும், வரைகிற மார்க்கைத் தனியே பிரித்து எழுதச் சொல்லி, கூடவே விரல் சோதனை. கேமரா பிறகு. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, தடித்த கண்ணாடி வேறு. புள்ளி தெரியாமல் தவறினால் அதற்கும் மூளையையே திட்டுவார்கள். புரை ஆபரேஷனுக்கு அத்தை தேதி கேட்டிருக்கிறார். தை பிறக்கட்டும் என்கிறார் மாமா.