கொசுவமா, குழலா, பாயா: கைச்சுருட்டுக்கு உள்ளிலை பிடிக்கும் மூன்று வழிகள்

வீட்டில் சுருட்டு சுற்றப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் வெளியே கடைசியாகச் சுற்றும் மேலிலையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். கிழிகிறது, சுருங்குகிறது, முனை பிரிகிறது. ஆனால் சுருட்டு இழுக்குமா அடைக்குமா என்பது அதற்கு வெகு முன்பே, உள்ளே நிரப்பும் உள்ளிலையைக் கையில் சேர்த்துப் பிடிக்கும் அரை நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அப்படிப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் கெடுகிற விதம் வேறு.

அளவுக்குக் கியூபாவின் ரொபஸ்டோ என்னும் சுருட்டை எடுத்துக்கொள்வோம்: நீளம் 124 மி.மீ., தடிமன் 50 ரிங். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. ஆக, விட்டம் ஏறக்குறைய 20 மி.மீ. உள்ளே செக்கோ (செடியின் நடு இலை) இரண்டு அரை இலை, வொலாடோ (அடி இலை) ஓர் அரை இலை, லிகேரோ ஒரு சிறு துண்டு. லிகேரோ செடியின் உச்சி இலை. தடித்தது, காட்டமானது, நின்று எரியும். அது நடுவில்தான் இருக்கவேண்டும். ஓரத்துக்கு ஒதுங்கினால் அந்தப் பக்கம் பின்தங்க, மறுபக்கம் தோணி குடைந்ததுபோல ஓடிவிடும். கண்ணளவை நம்பாமல் தராசில் போடுங்கள்: உள்ளிலை 9 கிராம், உள்ளிலையைச் சுற்றிக் கட்டும் கட்டிலையும் மேலிலையும் சேர்ந்த பிறகு 11 அல்லது 12. நடு நரம்பை முழுக்க உரித்துவிடுங்கள். விட்டுப்போன ஒரு துண்டு நரம்பு போதும், புகையை மறிக்க.

எந்த வழிக்கும் பதம் முக்கியம். உள்ளிலை கசக்கினால் சரசரக்கவேண்டும், நொறுங்கக்கூடாது. மேலிலை இளம் வெற்றிலைபோலச் சத்தமில்லாமல் மடங்கவேண்டும். இரண்டையும் ஒரே ஈரத்தில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஈர உள்ளிலை கைக்கு இதமாக அமுங்கும். அதனால் அளவுக்கு மேல் திணித்துவிடுவீர்கள். (ஈர இலையை மணிக்கணக்கில் கையாண்டால் தோல் வழியாகவே நிகோட்டின் ஏறித் தலைசுற்றக்கூடும். இடையிடையே கை கழுவுங்கள்.)

பாய் சுருட்டல்

இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல ஓரத்திலிருந்து சுருட்டுவது. புத்தக மடிப்பு என்பதும் இதுதான். வேகம் அதிகம், பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தட்டையான அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் காற்றுக்கு வழி குறைவு. மடிப்பெல்லாம் ஒரே பக்கம் விழுவதால் அங்கே அடர்த்தி கூடும், எரிவது கோணலாகும். இறுக்கினால் அடைப்பு, தளர்த்தினால் சூடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் மிகக் குறுகலானது.

கொசுவம்

ஒவ்வோர் அரை இலையையும் நீளவாக்கில் முன்னும் பின்னுமாக, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல மடித்து, இடது உள்ளங்கையில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. மடிப்புகள் முனையிலிருந்து அடிவரை ஓடும். அந்த இடுக்குகள்தான் புகைக்கு வாய்க்கால். செக்கோ ஒன்று, அதன்மேல் லிகேரோ, மறுபடி செக்கோ, வெளியே வொலாடோ என்று வரிசை வைத்தால் லிகேரோ தானாக நடுவுக்கு வந்துவிடும். நீளம் குறைகிற இடத்தில் துண்டு இலையைச் சொருகுங்கள், ஆனால் நடுவில் அல்ல; பெரும்பாலான சுருட்டுகளுக்கு வயிறு ஏற்கெனவே பருத்துத்தான் இருக்கும்.

இந்த முறையின் பெரிய ஆபத்து முறுக்கு. கட்டிலையில் வைத்து உருட்டும்போது ஒரு கை முன்னே போய், மறு கை பின்தங்கினால் கொசுவம் முழுதும் துணி பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. இழுத்தால் காற்றே வராது. இரண்டு கைகளின் விரல்நுனிகளும் ஒரே வேகத்தில், பலகையை விட்டு எழாமல் நகரவேண்டும்.

குழல்

என்டுபாடோ என்பார்கள். ஒவ்வோர் இலையையும் தனித்தனியே, குளிர்பானம் உறிஞ்சும் குழாய் அளவுக்குச் சுருட்டி, அந்தக் குழல்களை ஒரு கட்டாகச் சேர்ப்பது. மூன்றிலும் இழுவை மிகச் சீராக வருவது இதில்தான். விலையும் உண்டு: நேரம் நிறைய பிடிக்கும், வெடிக்காமல் குழலாகச் சுருள இலைக்குக் கொஞ்சம் கூடுதல் பதம் வேண்டும், அதனால் பிறகு காய நாளாகும். குழல்களுக்கு இடையே வெற்றிடம் விட்டால் நடு மட்டும் சுரங்கம்போல எரிந்து உள்ளே போகும். கட்டிலையை இறுக்கிச் சுற்றினாலோ குழல்கள் நசுங்கி, பட்ட பாடு வீண்.

பழகுகிறவருக்கு எங்கள் தேர்வு கொசுவம். குழலின் இழுவையில் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது. எங்கே பிசகியது என்பதும் கைக்கே தெரிகிறது. கட்டிலை சுற்றியதும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அடியிலிருந்து தலைவரை அழுத்திக்கொண்டே போங்கள். கல்போல ஓரிடம் தட்டினால் அங்கே பிரித்து ஒரு துண்டை உருவிவிடுங்கள். பிறகு தீ வைக்காமலே வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். கியூபத் தொழிற்சாலைகளிலும் மேலிலை போடும் முன்பே இழுவைக் கருவியில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

அச்சா, காகிதமா?

கட்டிலை சுற்றியதை உருவம் படிய மர அச்சில் 30 முதல் 45 நிமிடம் அழுத்தி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடியும் அதே நேரம். திருப்ப மறந்தால் இரண்டு பக்கமும் வரப்புபோலக் கோடு எழும்பும். மேலிலை அதை மறைக்காது. மூடி படியவில்லை என்றால் இலை அதிகம் என்று அர்த்தம். கிளாம்ப் போட்டு நெரிக்காதீர்கள். பிளாஸ்டிக் அச்சு ஈரம் உறிஞ்சாது, அதிக நேரம் வேண்டும். காகிதமோ செலவில்லாதது: தடித்த தாள் பட்டையை இறுக்கமாகச் சுற்றி ஒட்டி ஒரு மணி நேரம் வைத்தால் உருண்டை வந்துவிடும், கோடும் விழாது. அச்சு முண்டுமுடிச்சுகளையெல்லாம் வெளியில் தெரியாமல் அமுக்கிவிடும் என்பதால், முதல் இருபது சுருட்டுகளுக்கு அது இல்லாமலிருப்பதே நல்லது.

தலை

வாயில் வைக்கும் முனையை மூடும் கியூபத் தொப்பி மூன்று வளையமாக அழகாக இருக்கும். ஆனால் கை படிய மாதங்கள் ஆகும். மேலிலையின் மிச்சத்தை முறுக்கிக் குடுமி போடுவது சுலபம், பெக்டின் பசை ஒரு துளி போதும். அதுவும் வராதவர்களுக்குத் திருச்சி உறையூர்ச் சுருட்டு வழிகாட்டும்: தொப்பி கிடையாது, இரண்டு முனையும் நேராக வெட்டியிருக்கும். ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம் சுருட்டிலிருந்து போன சொல்தான். மேலிலையைச் சாய்வாக, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றி, கடைசி ஓரத்துக்கு மட்டும் பசை தடவி, இரண்டு பக்கமும் வெட்டினால் முடிந்தது. சாவேட்டா என்னும் பிறைக் கத்தி இல்லாவிட்டால் பீட்சா வெட்டும் சக்கரமே போதும். 65 சதவீத ஈரப்பதத்தில் மூன்று வாரம் மூடிவையுங்கள். சென்னைபோல வெளியே 75, 80 என்று நிற்கும் ஊரில் பெட்டியைத் திறந்துபோட்டால் சுருட்டுக்கு முன்னால் பூஞ்சைதான் தயாராகும்.