பின் சீட்டில் குழந்தை: பெல்ட்டா, ஐசோஃபிக்ஸா, பூஸ்டரா?

முன் சீட் பெல்ட்டைத் தினமும் இழுத்து மாட்டுகிறோம். அதில் கோளாறு வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பின் சீட் பெல்ட் மாதக்கணக்கில் இடுக்கில் புதைந்து கிடக்கும். பல வீடுகளில் அதை முதன்முதலாக வெளியே எடுப்பதே குழந்தைக்காகத்தான். எங்கள் பழைய காரில் அப்படி எடுத்தபோது பட்டையின் முனை பூட்டிக்கொள்ளும் பக்கிளுக்குள் பிஸ்கட் தூளும் ஒரு பாசிமணியும் சிக்கியிருந்தன. பட்டையின் முனையைச் செருகினேன். 'டிக்' என்று சத்தமும் கேட்டது. சந்தேகத்தில் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

அன்றிலிருந்து குழந்தைக்கு எந்த சீட் என்ற ஒப்பீட்டுக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான்: எது எங்கே சொதப்பும், சொதப்பினால் நம் கண்ணுக்குத் தெரியுமா?

மடியில் வைத்துக்கொள்வதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதில் 10 கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. பெரியவர்கள் பெல்ட்டை அப்படியே சின்னக் குழந்தைக்கு மாட்டுவதும் சரிவராது. தோள் பட்டை கழுத்தை அறுக்கும், குழந்தை அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். கீழ்ப் பட்டை இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றுக்கு ஏறும். மோதலில் குடலும் முதுகெலும்பும் அடிபடுவது இப்படித்தான். ஒரே பெல்ட்டில் இரண்டு குழந்தைகளைக் கட்டுவது இன்னும் மோசம்.

சரி, நிஜப் போட்டி காரின் பெல்ட்டால் கட்டும் சைல்டு சீட்டுக்கும், காரிலேயே இருக்கும் கம்பிகளில் கொக்கியால் மாட்டும் ஐசோஃபிக்ஸ் சீட்டுக்கும்.

பெல்ட் சீட்டின் பெரிய பலம், எந்தக் காரிலும் போடலாம் என்பது. மூன்று முனைப் பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்து 1959-இல் கார்களில் வந்ததிலிருந்து அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. நடு சீட்டில் மூன்று முனைப் பெல்ட் இருந்தால் அங்கேயும் கட்டலாம். ஆனால் கட்டுவது நம் கையில் இருப்பதால் தப்பும் நம் கையில்தான். பட்டை முறுக்கிக்கொள்ளும். சீட்டில் காட்டியிருக்கும் வழியை விட்டு வேறு வழியாகப் போகும். பக்கிளின் தண்டு நீளமாக இருந்தால் பக்கிள் சைல்டு சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் போய் உட்காரும், மோதலில் அங்கேயே உடையலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது தொய்வு. பட்டையை உள்ளே சுருட்டி வைக்கும் சாதாரண ரிட்ராக்டர் திடீர் இழுப்பிலும் கார் சாய்ந்தாலும்தான் பூட்டிக்கொள்ளும், மற்ற நேரங்களில் பட்டையை விட்டுக்கொடுக்கும். (சரிவில் நிறுத்திய காரில் பெல்ட் வராமல் அடம்பிடித்தால் அது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான்.) சில கார்களில் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் அதற்குப் பிறகு உள்ளே மட்டும்தான் போகும். சைல்டு சீட் கட்ட அது வரப்பிரசாதம். அதே பட்டையைப் பக்கத்தில் இருக்கும் குழந்தை விளையாட்டாகக் கழுத்தில் சுற்றி முழுக்க இழுத்தால் ஆபத்து.

கட்டி முடித்ததும் பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் கழற்றி மறுபடி கட்ட வேண்டியதுதான்.

நாம் சரியாகக் கட்டினாலும் காரே காலை வாரலாம். 2018-இல் ஃபின்லாந்தின் ஒரு கார் இதழ் புதிய ஃபோக்ஸ்வாகன் போலோவை ஓட்டிப் பார்த்தபோது, பின் சீட்டில் நடுவிலும் இடப்பக்கமும் ஆள் இருக்க, வேகமாகத் தடம் மாறுகையில் இடப்பக்க பெல்ட் தானாகக் கழன்றது. அடுத்த பக்கிள் இடித்து அதன் பொத்தான் அமுங்கியதுதான் காரணம். அதே அமைப்பு கொண்ட சேயாட் இபிஸா, அரோனா கார்களிலும் இதே பிரச்சினை. சரிசெய்யும்வரை நடு சீட்டில் ஆள் உட்கார வேண்டாம் என்றது நிறுவனம்.

ஐசோஃபிக்ஸில் இந்தக் கூத்து குறைவு. காரின் உடலோடு பற்றவைத்த இரண்டு கம்பிகள், நடுவே 28 சென்டிமீட்டர் இடைவெளி. சைல்டு சீட்டின் கொக்கிகள் அதில் கடித்துக்கொண்டதும் பல சீட்களில் பச்சை நிறம் தெரியும். தப்பு கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனாலும் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு என்று ஓடும் கார்கள் உண்டு. சீட்டின் மேல்பகுதி முன்னால் சாயாமல் பிடிக்கும் டெதர் பட்டையை மாட்டாமலே விடுவார்கள். சீட்டிலிருந்து கார் தரையில் ஊன்றும் தாங்கு கால் இருந்தால் அது தரையின் சாமான் பெட்டி மூடிமேல் நிற்கக் கூடாது, மூடி உள்ளே போய்விடும். எடைக்கும் வரம்பு உண்டு: ஐரோப்பிய விதிப்படி குழந்தையும் சீட்டும் சேர்ந்து 33 கிலோ. நடு சீட்டில் பெரும்பாலான கார்களில் இந்தக் கம்பி கிடையாது.

என் தீர்ப்பு: காரில் கம்பி இருந்தால் ஐசோஃபிக்ஸ். ஒழுங்காக இறுக்கிய பெல்ட் சீட் அதற்குக் குறைந்ததல்ல. அவசரமான ஒரு காலையில் தூக்கக் கலக்கத்தோடு மாட்டும் ஆளுக்கு எது தப்பு விடாது என்பதுதான் வித்தியாசம்.

இரண்டையும்விடப் பெரிய விஷயம் சீட் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. கைக்குழந்தைக்குத் தலை மட்டும் உடல் நீளத்தில் கால்வாசி. கழுத்து அதைத் தாங்காது. ஐ-சைஸ் என்று சொல்லப்படும், சைல்டு சீட்களுக்கான ஐ.நா. ஆர்129 விதி 15 மாதம்வரை பின்னோக்கித்தான் வைக்க வேண்டும் என்கிறது. சீட் இடம் கொடுக்கும்வரை அதற்கு மேலும் அப்படியே விடுங்கள். கால் மடங்குகிறதே என்று திருப்பிவிடாதீர்கள்.

அப்புறம் பூஸ்டர், அதாவது காரின் பெல்ட் சரியான இடத்தில் படும்படி வளர்ந்த குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பூஸ்டரிலும் ஐசோஃபிக்ஸ் கொக்கி வரும், ஆனால் அது பூஸ்டர் நகராமல் பிடிக்க மட்டும். குழந்தையைப் பிடிப்பது பழையபடி காரின் பெல்ட்தான். அதாவது பக்கிளும் ரிட்ராக்டரும் திரும்பவும் விளையாட்டுக்கு வந்துவிட்டன. மோதலில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி பல கார்களில் முன் சீட்டில் மட்டும்தான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். முதுகு உள்ள பூஸ்டரா, வெறும் மெத்தையா என்றால் முதுகு உள்ளதுதான். தூங்கிச் சாயும் தலைக்கு அதுதான் பக்கத்துணை. ஆர்129-லும் வெறும் மெத்தைக்கு 125 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். உயரம் 150-ஐ நெருங்கும்வரை பூஸ்டரை விடாதீர்கள், பிள்ளை வெட்கப்பட்டாலும்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் ஒரு அரை மணி நேரம் பின் சீட்டில் செலவழியுங்கள். பட்டையைக் கடைசிவரை இழுத்து ஓரம் பிசிறு அடித்திருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். அழுக்கிருந்தால் மெல்லிய சோப்புத் தண்ணீர் போதும், ப்ளீச் இழையைக் கெடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா, விட்டால் தானாகச் சுருள்கிறதா? பக்கிளைப் பத்துத் தடவை மாட்டி, ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பாருங்கள்.

பொத்தானையும் கவனியுங்கள். 1995-இல் அமெரிக்காவில் தகாட்டா தயாரித்த பெல்ட்கள் இருந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வெயிலில் நொறுங்கிய பொத்தானின் பிளாஸ்டிக் துணுக்குகள் உள்ளே விழுந்து பூட்டைக் கெடுத்ததுதான் காரணம்.

எங்கள் காரில் அந்தப் பக்கிளைச் சுத்தம் செய்ய முயலவில்லை, புதிதாகவே மாற்றினோம். மெக்கானிக் சீட்டைத் தூக்கிய கையோடு நடு சீட்டின் பக்கிளையும் எடுத்துக் காட்டினார். யாரும் தொட்டதே இல்லை, அதன் சிவப்புப் பொத்தான் பாதி அமுங்கியபடியே நின்றிருந்தது.