ஒரிகானில் சீசன் தொடக்க அல்பகோர் பயணம்: முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஒரிகான் மாநிலத்தின் நியூபோர்ட் துறைமுகத்திலிருந்து அல்பகோர் சூரை பிடிக்க அழைத்துச் செல்வதாகச் சொல்லி எங்களிடம் பணம் பெற்ற ஒரு வாடகைப் படகு, சூரை இருக்கும் நீரின் பக்கமே போகவில்லை. போகும் எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது என்று நான் நம்புவதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் படகின் பெயரையும் கேப்டனின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இதே முறையை வேறு எவரும் கையாளக்கூடும் என்பதால், அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முதலில் கடலின் போக்கைச் சற்று விளக்க வேண்டும். வட பசிபிக்கின் அல்பகோர், பெருங்கடலின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள வெப்ப நீரில் முட்டையிட்டுப் பெருகுவது. அதன் இளம் மீன்களே கோடையில் இரை தேடி அமெரிக்க மேற்குக் கரையை நோக்கி வருகின்றன. அவை விரும்புவது ஓரளவு வெதுவெதுப்பான, தெளிந்த நீல நீர். இங்கே தூண்டில் போடுகிறவர்கள் பொதுவாக 58 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 14.5 செல்சியசுக்கு, மேற்பட்ட நீரைத் தேடுவார்கள். ஆனால் கோடையின் தொடக்கத்தில் வடமேற்குக் காற்று கரையோரத்து மேல்நீரை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுந்து, கரையிலிருந்து வெகு தூரம் வரை கடல் பச்சை நிறத்தில் குளிர்ந்து கிடக்கும். ஆகவே ஜூன் இறுதியில் நீல நீரின் விளிம்பு 50 கடல் மைலுக்கு அப்பாலும் இருக்கலாம். காற்று தணிந்த ஆகஸ்டில் அதே விளிம்பு 20, 30 மைலுக்குள் வந்துவிடுவதும் உண்டு. சீசன் தொடக்கத்தில் வெறுங்கையுடன் திரும்புவது இதனால் சாதாரணமான விஷயம். நேர்மையான கேப்டன்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். சிலர் நீர் சூடாகும் வரை தேதியே தரமாட்டார்கள். மீன் கிடைக்கவில்லை என்பதற்காக நான் இதை எழுதவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

எங்களை ஈர்த்த விளம்பரத்தில், படகின் தளம் முழுவதும் நீண்ட பக்கத்துடுப்புகளோடு அல்பகோர்கள் குவிந்து கிடக்கும் படங்களும், "சீசன் தொடங்கிவிட்டது, ஆளுக்கு 25 மீன்" என்ற வாசகமும் இருந்தன. 25 என்பது ஒருவர் ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்ள ஒரிகான் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. சாலையில் எழுதியிருக்கும் வேக வரம்பைக் காட்டி, பழைய வண்டியொன்று அந்த வேகத்தில் ஓடும் என்று விற்பதற்கு ஒப்பானது இது. படங்களோ முந்தைய ஆண்டு ஆகஸ்டில் எடுக்கப்பட்டவை. இது எங்களுக்குத் தெரிய வந்தது பிறகுதான். அதே படங்கள் அதே படகின் பழைய பதிவுகளில் தேதியுடன் கிடைத்தன.

பணம் கட்டுவதற்கு முன்பும், புறப்படுவதற்கு முந்தைய மாலையிலும், தொலைபேசியில் நாங்கள் ஒரே கேள்வியைக் கேட்டோம்: வெப்ப நீர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதுவரை போவீர்களா? இரண்டு முறையும் பதில் தயங்காமல் வந்தது. 58 டிகிரிக் கோடு 35 மைலில் இருப்பதாகவும், தேவைப்பட்டால் 60 மைல் வரை ஓடுவோம் என்றும், 12 மணி நேரப் பயணம் என்பதால் நேரத்துக்குக் குறைவில்லை என்றும் சொன்னார்கள். அந்த மாலையில் கரையிலிருந்து சுமார் 20 மைல் மேற்கே மிதக்கும் ஸ்டோன்வால் பேங்க் மிதவையின் அளவீட்டைப் பார்த்தபோது, நீர் 52 டிகிரியை ஒட்டி இருந்தது. 46050 என்ற எண்ணுடைய இந்த மிதவையின் தகவலை அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமான நோவா எல்லோருக்கும் இலவசமாகவே தருகிறது. அதற்கு 15 மைல் அப்பால் 6 டிகிரி கூடிவிடுமா என்று திரும்பவும் கேட்டபோது, மிதவை குளிர்ந்த திட்டில் அகப்பட்டிருக்கிறது, செயற்கைக்கோள் படத்தில் கோடு தெளிவாகத் தெரிகிறது என்றார் கேப்டன். அப்படி நிகழ்வது சாத்தியமே. ஆனால் அந்தப் படத்தை அனுப்பச் சொன்னதற்குக் காலையில் காட்டுவதாகச் சொன்னார். காலையில் கேட்டபோது இணைப்பு இல்லை என்றார்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படகு முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குள் சென்றுவிட்டால் பயணம் நிறைவேறியதாகக் கருதப்படும், அதன் பிறகு பணம் திருப்பித் தரப்படாது என்று அதில் ஒரு வரி இருந்தது. தன்னளவில் இந்த விதி நியாயமானது. யக்கினா விரிகுடாவின் முகத்துவாரம் அலை எழும் நாளில் ஆபத்தானது. கடலோரக் காவல்படை அதை அவ்வப்போது சிறு படகுகளுக்கு மூடிவிடும். வானிலை கெடும்போது பணத்தைப் பற்றி யோசிக்காமல் கேப்டன் திரும்ப வேண்டும். எந்தப் பயணியும் அவரை மேலே போகச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. இந்த விதி வானிலைக்காக மட்டும்தானா என்று கேட்டு, ஆம் என்ற பதிலையும் பெற்றிருந்தோம். அந்தப் பதில் எழுத்தில் இல்லை என்பது பின்னர் அவர்களுக்கு மிக வசதியாகப் போயிற்று.

பயண நாளன்று வானிலையைக் குறை சொல்ல எதுவுமில்லை. காற்று மிகக் குறைவு, அலைகள் தாழ்ந்தும் ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியுடனும் இருந்தன, சிறு படகுகளுக்கான எச்சரிக்கையும் இல்லை. இருட்டிலேயே கிளம்பிய படகு 25 மைலில் வேகத்தைக் குறைத்தது. வரைபடத் திரையின் மூலையில் நீரின் வெப்பம் 53 என்று எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது, நீரோ பச்சை. அங்கேயே இறகுத் தூண்டில்களை நீரில் விட்டு, 6, 7 நாட் (மணிக்கு 6, 7 கடல் மைல்) வேகத்தில் இழுத்துக்கொண்டு அந்த இடத்தையே சுற்றிவந்தார்கள். மேற்கே போகலாமே என்று கேட்டதற்கு, நேற்று இங்கேதான் மீன் இருந்தது என்றார் கேப்டன். சூரிய வெளிச்சம் நன்றாகப் பரவிய பிறகும் ஒரு தூண்டிலும் இழுபடவில்லை. பறவைக் கூட்டமோ நீர் துள்ளுவதோ எதுவும் இல்லை. பிறகு, சூரை இன்று வராது, வீட்டுக்கு ஏதாவது எடுத்துப் போக வேண்டாமா என்று சொல்லி, கரையை நோக்கித் திரும்பி, பாறைத்திட்டு ஒன்றின் மேல், பாறைகளை ஒட்டி வாழும் ராக்ஃபிஷ் என்ற மீனைப் பிடிக்க நிறுத்தினார்கள். 12 மணி நேரப் பயணம் நண்பகலுக்குச் சற்றுப் பின் கரையில் முடிந்தது.

இதைத் துரதிர்ஷ்டமான நாள் என்று ஏற்றுக்கொண்டிருப்பேன், ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்திராவிட்டால். சூரை பிடிக்கப் போகும் படகை மற்றப் படகுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அதில் ஏற்றப்படும் ஐஸ்தான். சூரை தன்னைச் சுற்றியுள்ள நீரைவிட உடல் சூட்டை அதிகமாக வைத்திருக்கும் மீன். போராடிக் களைத்து மேலே வரும்போது அதன் சதை இன்னும் சூடாக இருக்கும். பிடித்தவுடன் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, கடல்நீரும் பொடித்த ஐசும் கலந்த குழம்பில் அமிழ்த்தாவிட்டால் சதை தளர்ந்து கெடுவதோடு, பாக்டீரியாக்களால் ஹிஸ்டமின் சேர்ந்து, உண்பவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு போன்ற தொல்லைகளையும் தரும். சமைப்பதால் அந்த ஹிஸ்டமின் அழிவதில்லை. அதனால்தான் அக்கறையுள்ள படகுகள் நூற்றுக்கணக்கான பவுண்டு ஐசை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். எங்கள் படகின் பெரிய பெட்டியில், பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய சிறு பைகள் சில மட்டும் கிடந்தன. ஆளுக்கு 25 மீன் என்று விளம்பரம் செய்த படகில், ஆளுக்கு ஒரு மீன் கிடைத்திருந்தாலும் அதைக் காப்பாற்றுவதற்கு வழி இருந்திருக்காது. உயிருள்ள நெத்திலி தருவதாக விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். இரைத் தொட்டி காய்ந்து கிடந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு புலப்பட்டது. 50, 60 மைல் போய்வரும் எரிபொருளும், ஐசும், இரையும்தான் சூரைப் பயணத்தின் விலையை உயர்த்துபவை. அவற்றைச் செலவழிக்காமல் அந்த விலையை மட்டும் வாங்கி, ராக்ஃபிஷ் பயணத்தின் செலவில் நாளை முடித்துவிட்டால் இடைவெளி முழுவதும் லாபம். மீன் கிடைக்காமல் போவது எல்லோரும் எதிர்பார்க்கும் சீசன் தொடக்கம்தான் இதற்கு ஏற்ற காலம். ஆகஸ்டில் இதைச் செய்தால், பக்கத்துப் படகு மீனுடன் திரும்பும்போது பொய் வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு கரையில் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஆளுக்கு 40 டாலர் கேட்டார்கள். அதைக் கொடுக்க மறுத்தோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முகத்துவார விதியைக் காட்டினார்கள். கேப்டனிடம் கடலோரக் காவல்படையின் உரிமம் இருந்தது; ஆறு பயணிகள் வரை ஏற்றலாம் என்ற வரம்பையும் அவர் மீறவில்லை. எனவே உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தியடைவது இத்தகைய ஏமாற்றிலிருந்து காக்காது. அது இல்லாத படகில் ஏறவே கூடாது என்பது வேறு விஷயம்.

பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், ஒப்புக்கொண்டபடி சேவை தரப்படவில்லை என்று வங்கியிடம் முறையிட முடிந்தது. அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு நியாயமான கடன் கணக்குச் சட்டப்படி, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். வங்கியை நகர்த்தியது, நண்பர் ஒருவரின் கைப்பேசியில் பதிவாகியிருந்த பயணத் தடம். தொலைபேசிச் சிக்னல் கிடைக்காத கடலிலும் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும். படகு 25 மைலைத் தாண்டவில்லை என்பதை அது தெளிவாகக் காட்டியது. திரையில் 53 என்று தெரியும் புகைப்படமும், திறந்த ஐஸ் பெட்டியின் படமும் கூடவே சென்றன. மீதித் தொகையைத் துறைமுகத்தில் பணப் பரிமாற்றச் செயலி வழியாகக் கேட்டுப் பெற்றிருந்தார்கள். அது இதுவரை வரவில்லை.

ஜூன், ஜூலைத் தொடக்கத்தில் பயணம் போக நினைப்பவர்கள், வெப்ப நீர் எத்தனை மைலில் இருந்தாலும் போவீர்களா, எத்தனை மைலுக்கு மேல் போகமாட்டீர்கள், வெப்ப நீர் அந்த எல்லைக்கு அப்பால் இருந்தால் தேதியை மாற்றித் தருவீர்களா என்பவற்றுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பயண நேரத்தைத் தொலைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 20 நாட் வேகத்தில் 50 கடல் மைல் போக இரண்டரை மணி நேரம், திரும்பவும் அவ்வளவே; ஆகவே 8 மணி நேரச் சூரைப் பயணம் என்று ஜூனில் விற்றால் மீன்பிடிக்க எஞ்சுவது 3 மணி நேரம்தான். கரையிலேயே, படகு கட்டவிழ்க்கப்படுவதற்கு முன், ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது காலியாக இருந்தால் இறங்கிவிடுங்கள். முகத்துவாரத்தைக் கடக்காத வரை அந்த விதி உங்கள் பக்கம்தான் பேசும்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் ஒரிகான் நீதித்துறையின் நுகர்வோர் பிரிவில் இணையம் வழியாகப் புகார் அளிக்கலாம். விளம்பரத்தின் திரைப்பிடிப்பைத் தேதி தெரியும்படி எடுத்து இணையுங்கள். நாங்கள் புகார் அளித்த அதே வாரத்தில் "ஆளுக்கு 25 மீன்" என்ற வாசகம் அந்த விளம்பரத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.