மாம்பழக் காக்டெயில்: நசுக்கிய துண்டா, அரைத்த கூழா, டப்பாக் கூழா?

புதினாவை மத்தால் நசுக்கி மோஹிட்டோ என்ற ரம் காக்டெயில் செய்து பழகிய கை, மாம்பழத்தையும் அப்படியே நசுக்கப் பார்க்கும். நானும் பல நாள் அதைத்தான் செய்தேன். மாம்பழத்துக்கு அது ஒத்துவராது என்பதே இப்போது என் உறுதியான கருத்து. புதினாவின் மணம் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. லேசாக அழுத்தினால் போதும், வெளியே வந்துவிடும். மாம்பழத்தின் சுவையோ சதையோடு ஒட்டியிருக்கிறது. நசுக்கிய துண்டுகளை ரம்மோடு குலுக்கி வடிகட்டினால், நாரும் சதையும் வலையை அடைத்துக்கொள்ளும். பழத்தில் பாதி வடிகட்டியிலேயே தங்கிவிடும். கோப்பைக்கு வருவது வெளிறிய மஞ்சள் தண்ணீர். மிக்சி இல்லாத இடத்தில் ஒரே ஒரு கோப்பை வேண்டுமென்றால் நசுக்கலாம். அப்போதும் வடிகட்டாமல், பொடித்த ஐஸோடு அப்படியே பரிமாறுவதே நல்லது.

அரைத்த கூழ்தான் என் தேர்வு. தோல் சீவி, சதையை மிக்சியில் நன்றாக அரைத்து, கண்ணிச் சல்லடையில் கரண்டியால் தேய்த்து இறக்க வேண்டும். நார் இல்லாத அல்போன்சாவில் இந்தத் தேய்க்கும் வேலை இரண்டு நிமிடம். டாமி அட்கின்ஸ் போன்ற நார் மிகுந்த ரகத்தில் பொறுமை வேண்டும், ஆனால் அதைத் தவிர்க்கவே கூடாது.

இந்த முறையில் பலரும் சறுக்கும் இடம் புளிப்பு. பழுத்த மாம்பழத்தில் இனிப்பு ஏராளம், அமிலம் குறைவு. கூழையும் சர்க்கரைப் பாகையும் தாராளமாக ஊற்றினால் பானம் மந்தமாகி, இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும். என் அளவு இது: வெள்ளை ரம் 60 மில்லி, கூழ் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 25 மில்லி, பாகு 10 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. பழம் மிக இனிப்பாக இருந்தால் பாகே வேண்டாம். உப்பை மட்டும் விடாதீர்கள். பழத்தின் சுவையைத் தூக்கிக் காட்டுவது அதுதான். கூழ் கெட்டியானது என்பதால் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம், பெரிய ஐஸ் கட்டிகளோடு வேகமாகக் குலுக்க வேண்டும்.

டப்பாக் கூழைக் கண்டு முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிருமி நீக்கச் சூடாக்கும்போது மெல்லிய நறுமணங்கள் பறந்துபோய், ஜாம் போன்ற ஒரு வெந்த வாசம் வந்துவிடுவது உண்மைதான். பலவற்றில் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் முன்பே சேர்ந்திருக்கும். சுவைத்துப் பார்த்துவிட்டே பாகைத் தொட வேண்டும். ஆனால் கையில் இருப்பது அரைகுறையாகப் பழுத்த பழம் என்றால், நான் தயங்காமல் டப்பாவைத்தான் திறப்பேன். புதிய பழம் என்ற பெயர் மட்டும் சுவை தராது. நிறத்தை நம்பியும் ஏமாறக் கூடாது. டாமி அட்கின்ஸ் காயாக இருக்கும்போதே சிவந்து நிற்கும். காம்பருகே முகர்ந்து பாருங்கள், லேசாக அழுத்திப் பாருங்கள். பழுக்காததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் குளிர் தாக்கி, மணம் முழுமையாக வராமலே போய்விடும்.

உறைந்த துண்டுகளுக்கு ஒரே ஒரு இடம் உண்டு, அங்கே அவை புதிய பழத்தையே வென்றுவிடும். உருக விட்டால் திசு உடைந்து நீர்த்துப் போகும். உருக விடாமல் ரம், எலுமிச்சையோடு நேராக அரைத்தால் பழமே ஐஸின் வேலையைச் செய்யும். தண்ணீர் கலக்காத, அடர்த்தியான டாய்க்கிரி (ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்ந்த காக்டெயில்) கிடைக்கும். கடுங்குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால் இங்கே மட்டும் பாகைக் கூட்டலாம்.

மதுவைப் பொறுத்தவரை, வோட்கா பழத்துக்கு எதையும் கொடுப்பதில்லை. மரப்பீப்பாயில் முதிர்ந்த ரம்மின் வெனிலா வாசம் பானத்தைப் பாயசம்போல் ஆக்கிவிடுகிறது. வெள்ளை ரம் பாதுகாப்பான தேர்வு. ஆனால் என் மனம் போவது பீப்பாயில் முதிராத வெள்ளை டெக்கீலாவிடம், அதாவது அகாவேச் செடியிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மதுவிடம். அதன் பச்சிலை வாசமும் மிளகுக் காரமும், தோலை ஒட்டிய சதையில் இருக்கும் அந்தப் பிசின் மணத்தைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவருகின்றன. மேலே சொன்ன அளவிலேயே ரம்முக்குப் பதில் அதை ஊற்றி, எலுமிச்சையை 5 மில்லி கூட்டிப் பாருங்கள்.