அப்பாவின் கைக்குப் பற்றாத பட்டை: வீட்டு ரத்த அழுத்தக் கருவி, நான்கு மாதங்களுக்குப் பின்

காட்பாடியில் ஒரு மருந்துக் கடையில் கடந்த மாசியில் 2,150 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் ரத்த அழுத்தக் கருவியை அப்பாவுக்காகப் பயன்படுத்தி வருகிறோம். கருவியில் குறையில்லை, உடன் வந்த பட்டைதான் முதல் வாரம் முழுவதும் எங்களைக் கலங்கடித்தது.

நாள்தோறும் மேல் அளவு 170-ஐத் தாண்டவே, பயந்துபோய் பெட்டியின் பொடி எழுத்துகளைப் படித்தபோதுதான், அந்தப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்கானது என்பது தெரியவந்தது. தையல் டேப்பை வைத்துப் பார்த்தால், அப்பாவின் மேற்கை 35 சென்டிமீட்டர். கைக்குச் சிறிய பட்டை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரரோ பெரிய பட்டைக்குத் தனியாக 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

புதிய பட்டையைச் சுற்றி, ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து அமரச் செய்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து அளந்தபோது 152/94 என்று இறங்கியது. வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம் என்பதால், அதுவும் ஆறுதலாக இல்லை.

கருவி காரணத்தைச் சொல்லாது; ஆனால் நேரத்துடன் அது சேமித்து வைத்திருந்த அளவுகளைப் பார்த்த மருத்துவர், முதலில் கேட்டது வலி மாத்திரையைப் பற்றித்தான். முழங்கால் வலிக்காகச் சீட்டில்லாமல் வாங்கி அப்பா தினமும் விழுங்கிவந்த டைக்ளோஃபினாக், உப்பையும் நீரையும் உடலில் தேங்கச் செய்து அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்றார். பெரும்பாலோருக்கு இதுதான் என்று ஒற்றைக் காரணம் கிடையாது. வயது, பரம்பரை, எடை, மது, உப்பு எனப் பலவும் சேர்ந்துதான் ஏறும். சிலருக்கே சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்றவை அடியில் இருக்கும் என்று விளக்கி, சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

உப்பைக் குறைப்பதுதான் பெரும்பாடு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அப்பாவின் தட்டிலோ மோர்மிளகாய், அப்பளம், எலுமிச்சை ஊறுகாய் மூன்றும் இருக்கும். “இந்த வேலூர் வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு உப்பு வேண்டாமா?” என்று கேட்பார். வலி மாத்திரையை நிறுத்தி, மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தொடங்கி, ஊறுகாயும் ஒழிந்த பிறகு இப்போது 132/82 காட்டுகிறது. மோர்மிளகாய் பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.

நான்கு பென்சில் பேட்டரிகள் இன்றுவரை தாங்குகின்றன. எண்கள் கண்ணாடி போடாமலே தெரியும் அளவுக்குப் பெரியவை. கையேட்டில் தமிழ் இல்லாததால், அளக்கும் முறையை நானே எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.