கோழி இளைக்கிறது என்று போய் 7,450 ரூபாயைத் தொலைத்தேன்: போனில் வைத்தியம் சொல்கிறவர்களிடம் உஷார்

7,450 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கோழிக்குப் போயா இவ்வளவு?" என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஆச்சி கேட்டுவிட்டாள். என் சம்சாரம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கடைசியில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மானூர் பக்கம். வீட்டுப் பின்னால் எட்டுப் பெட்டை, ஒரு சேவல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் விடைக்கோழியாகப் பிடித்து வந்தவை. விற்கவோ அடித்துத் தின்னவோ வாங்கவில்லை. என் மகள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறாள். செவளை, கொண்டைச்சி, பொன்னி என்று கூப்பிட்டால் ஓடி வரும். பேர் வைத்த கோழியைக் குழம்பு வைக்க முடியாது என்பது கோழி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசி மழை விட்ட பிறகுதான் ஆரம்பித்தது. செவளை நன்றாகத் தின்கிறாள், கம்பும் குருணையும் போட்டால் முதல் ஆளாக வருகிறாள், ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போகிறாள். கொண்டை வெளிறிப் போச்சு. முட்டை நின்றது. அடுத்து கொண்டைச்சி. ஆச்சி தூக்கிப் பார்த்துவிட்டு, "பூச்சி வச்சிருக்குல, மருந்து வாங்கிக் குடு" என்றாள். மருந்துக்கடையில் கேட்டேன், ஒரு பூச்சி மருந்து தந்தார்கள், தண்ணீரில் கலந்து வைத்தேன். ஒரு வாரம் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. வெள்ளைக் கழிச்சல் இல்லை, ரத்தக் கழிச்சல் இல்லை, தூங்கி விழவும் இல்லை. இளைப்பு மட்டும்தான்.

அப்போதுதான் அந்தக் குட்டி வீடியோ கண்ணில் பட்டது. சின்னச் சின்ன வீடியோ போடுகிற ஒரு செயலியில் நாட்டுக்கோழிப் பக்கம் நடத்துகிற ஆள். தோளில் துண்டு, பின்னால் தென்னந்தோப்பு, கையில் ஒரு சேவல். "காரணமில்லாம கோழி இளைக்குதா? கால் பண்ணுங்க." பண்ணினேன்.

நான் ஏமாந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில்தான் ஏமாறுவீர்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு எடுத்துப் பேசினார். திருநெல்வேலி என்றதும் "சொல்லுங்க அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார். மருந்துப் பேச்சே எடுக்கவில்லை. "இப்ப கூட்டுக்குள்ள போய் கோழியைத் தூக்குங்க. நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்க. ரெண்டு பக்கமும் சதை கைக்குத் தட்டுப்படுதா?" என்றார். மகள் டார்ச் அடிக்க, செவளையை மடியில் வைத்துத் தடவினேன். சதை இருக்க வேண்டிய இடம் இரண்டு பக்கமும் குழிந்து, நடுவில் எலும்பு அரிவாள்மணை விளிம்பு மாதிரி நின்றது. இரண்டு வருஷம் தினமும் பார்க்கிற கோழி, இறகு மூடியிருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. "தீவனப்பை இப்ப நிறைஞ்சிருக்கணும், காலையில காலியா இருக்கணும், அதையும் பாருங்க. நாளையிலேர்ந்து எடை போட்டு எழுதி வைங்க" என்றார்.

இதெல்லாம் சரியான பேச்சு. இப்போதும் சொல்கிறேன், அந்த ஆள் அன்று சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதில்தான் விழுந்தேன். கோழி தெரிந்த ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை 2,950 ரூபாய் போனிலேயே அனுப்பினேன். கூரியரில் மூன்று பாட்டில் வந்தது, அடர் தவிட்டு நிறத் தண்ணி, கூடவே ஒரு பொடிப் பொட்டலம். மூடியைத் திறந்தால் கருப்பட்டி வாசனை. அன்று சாயங்காலமே மூடியைச் சுற்றி எறும்பு. மருந்து கலந்து வைத்த தண்ணிச் சட்டியின் விளிம்பிலும் எறும்பு வரிசை, கோழிகள் அந்த எறும்பை ஆசையாகக் கொத்தித் தின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எடை போடுவதற்கு மஞ்சப்பைதான். கோழியைப் பைக்குள் இறக்கி, தலையை மட்டும் வெளியே விட்டு, மீன் நிறுக்கிற கொக்கித் தராசில் மாட்டினால் சும்மா தொங்கும், கத்தக்கூடச் செய்யாது. மகள் நோட்டில் எழுதினாள். செவளை முதல் நாள் 1,480 கிராம். ஒன்பதாம் நாள் 1,390.

போன் போட்டேன். "புழு வெளியேறும்போது எடை குறையத்தான் செய்யும் அண்ணாச்சி, அது நல்லது. ஆனா மத்த கோழிக்கும் பரவியிருக்கும், மொத்தக் கூட்டுக்கும் ஒரு கோர்ஸ் போட்டுருவோம்" என்றான். (இனி 'அவர்' கிடையாது.) 4,500 ரூபாய். அனுப்பினேன். ஆமாம், அனுப்பினேன். ஏற்கெனவே 2,950 போட்டாச்சு, பாதியில் விட்டால் அதுவும் வீண் என்று தோன்றியது. ஆக மொத்தம் 7,450.

பதினேழாம் நாள் செவளை 1,240. கொண்டைச்சியைத் தூக்கினால் கையில் வெறும் இறகுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் சொன்ன பதில்களை அப்படியே போடுகிறேன். "இன்னும் பத்து நாள் பொறுங்க." "வேளாவேளைக்குக் குடுத்திருக்க மாட்டிய." "ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா? போர் தண்ணியில நம்ம மருந்து வேலை செய்யாது." பாட்டிலில் அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "பணமெல்லாம் கம்பெனி கணக்குக்குப் போகுது, நான் ஆலோசனை மட்டுந்தான்" என்றான். கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மெசேஜைப் பார்த்தான், பதில் இல்லை. மறுநாள் என் நம்பரையே தடுத்துவிட்டான். சம்சாரம் போனிலிருந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்க அக்கா, கோழி இளைக்குதா?" என்றான். என் குரல் கேட்டதும் கட் பண்ணிவிட்டான்.

பத்தொன்பதாம் நாள் காலை கொண்டைச்சி கூட்டுக்குள் செத்துக் கிடந்தாள். மகள் அழுதுகொண்டே குழி தோண்டச் சொன்னாள். எனக்கு வேறு யோசனை. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012-லிருந்து இருக்கிறது. சங்கரன்கோவில் ரோட்டில்தான். நான் தினமும் வேலைக்கு டவுனுக்குப் போகிற பஸ் ராமையன்பட்டி வழியாகத்தான் போகும். எத்தனை நாள் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே போனில் அவன் வீடியோவைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

செத்த கோழியை இரண்டு பைக்குள் சுற்றி எடுத்துப் போனேன். புதைக்காமல் சூடு ஆறுவதற்குள் கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். அறுத்துக் குடலை எடுத்து வைத்தார். குடலின் வெளிப்பக்கம் கடுகும் கொத்தமல்லியும் ஒட்டினது போலச் சின்னச் சின்ன முடிச்சு. "இதைப் பார்த்தா காசநோய் முடிச்சுன்னுகூடச் சந்தேகம் வரும், அதான் திறந்து பார்க்கணும்" என்றார். குடலை நீளவாக்கில் கிழித்துத் தண்ணீர் ஊற்றிய தட்டில் போட்டார். வெள்ளை நாடா மாதிரி, நூல் நூலாக மிதந்தது. தலை மட்டும் அந்த முடிச்சு இருந்த இடங்களில் குடல் சுவரில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. நாடாப்புழு.

நான் ஏற்கெனவே பூச்சி மருந்து கொடுத்தேனே என்றேன். எந்த மருந்து என்று கேட்டார். போனில் இருந்த பாட்டில் படத்தைக் காட்டினேன். பைப்பரசின். "இது உருண்டைப்புழுவுக்கு நல்ல மருந்து. நாடாப்புழுவை ஒண்ணும் செய்யாது" என்றார். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரிக்குத்தான் நான் 7,450 ரூபாய் கொடுத்து வேறொருவனிடம் காத்துக் கிடந்தேன்.

அப்புறம் எறும்பு. இந்த நாடாப்புழு கோழியிலிருந்து கோழிக்கு நேராகப் போகாது. எச்சத்தில் வருகிற முட்டையை எறும்பும் வண்டும் தின்னும், அந்த எறும்பைக் கோழி தின்றால்தான் உள்ளே போகும். மேய்கிற கோழிக்கு அதனால்தான் அதிகம் வருகிறதாம். நான் கருப்பட்டித் தண்ணியை வைத்து எறும்பைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊட்டியிருக்கிறேன். அதற்குக் காசும் கொடுத்திருக்கிறேன்.

அவன் அனுப்பிய பாட்டிலையும் கொண்டு போயிருந்தேன். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபிளின் அடியில் எறும்புக்கால் எழுத்தில் இருந்ததை எனக்குப் படித்துக் காட்டினார்: 'தீவனத் துணைப்பொருள். மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல.' தயாரித்த தேதி இல்லை, முகவரி இல்லை. பத்தொன்பது நாள் தினமும் கையில் எடுத்த பாட்டில். நான் வாசிக்கவில்லை.

மற்ற எட்டுக்கும் எடைக்குத் தக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ் டிக்கெட்டையும் மாத்திரையையும் சேர்த்தும் இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை. மருந்துப் பேரும் அளவும் இங்கே போட மாட்டேன், கேட்காதீர்கள். உங்கள் கோழிக்கு இதே புழுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? உண்ணி, பேன், ரத்தக் கழிச்சல், மாரெக்ஸ் என்கிற வைரஸ் நோய் என்று இளைப்புக்கு அவர் சொன்ன காரணமே ஏழெட்டு இருந்தது. மருந்து கொடுத்த கோழியின் முட்டையை அவர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடக் கூடாது. பொன்னி மட்டும் இன்னும் முட்டை இடுகிறாள். அவித்த முட்டை கிடையாது என்று ஆச்சியிடம் இன்று காலைகூடச் சண்டை.

சரி, இதோடு தொலையட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி சம்சாரம் போனை நீட்டினாள். அவன் புது வீடியோ. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். 'மருந்துக்கு முன்' என்று போட்டிருப்பது எங்கள் செவளை. மஞ்சப்பையும் எங்கள் துவைக்கிற கல்லும் அப்படியே தெரிகிறது, முதல் நாள் நான் அவனுக்கு அனுப்பிய படம். 'மருந்துக்குப் பின்' என்று போட்டிருப்பது வேறு ஏதோ கொழுத்த சிவப்புக் கோழி. கீழே முப்பது நாற்பது பேர் நம்பர் கேட்டிருக்கிறார்கள். இது என் கோழி, என் பணம் 7,450 போச்சு, ஒரு கோழி செத்தும் போச்சு என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் காணோம். செயலிக்காரர்களிடம் புகார் செய்தேன். 'எங்கள் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை' என்று பதில் வந்தது. வங்கியில் கேட்டால், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம்தானே என்கிறார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்கிற நம்பருக்கு அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன், ஒரு எண் தந்திருக்கிறார்கள். உடனே அடித்திருந்தால் பணத்தை மடக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். எனக்கு அது மூன்று வாரம் கழித்துத்தான் தோன்றியது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மணி பதினொன்று ஆகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கோழி செத்தால் உடனே புதைக்காதீர்கள், அறுத்துப் பார்க்கக் கொண்டு போங்கள். உயிரோடு இருந்தால் புது எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள், நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூச்சி மருந்து என்றால் எல்லாப் பூச்சிக்கும் இல்லை. முகவரி இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். இரண்டாவது தடவை பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கோழிப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கொண்டைச்சியைப் பற்றி மகள் இன்னும் என்னிடம் பேசவில்லை. இன்று சாயங்காலம் மஞ்சப்பையை அவளாகவே எடுத்து வந்து செவளையைத் தராசில் மாட்டினாள். 1,270. நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போய்விட்டாள்.