முத்தம்மாளை எதிர்த்து நிற்கும் பெயர்கள்

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து அப்போது 27 நாள் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி தொட்டிலில் இட்டுக் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. அந்த அத்தை நான். அதனால் ஆளாளுக்குச் சொன்ன பெயர்களெல்லாம் தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு என் கைக்கு வந்து சேர்ந்தன. முத்தம்மாள், பூங்குழலி, ஷைலஜா, சாரா, மியா, நித்திலா. ஓரத்தில் பென்சிலால் காவேரி. யார் எந்தப் பெயரை எழுதினார்கள் என்பது கையெழுத்திலேயே தெரிந்தது. எதைத் தள்ளினாலும் ஒருவருக்கு மனத்தாங்கல் நிச்சயம்.

முதலில் எழுத்துப் பிரச்சினை. குழந்தையின் நட்சத்திரம் அஸ்தம். நாங்கள் குடியிருப்பதும் சேலம் அஸ்தம்பட்டி; இதைச் சொல்லிச் சொல்லியே என் கணவர் ஒரு வாரம் சிரித்தார். 27 நட்சத்திரத்துக்கும் நான்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து, ஆக 108. அஸ்தத்துக்கு விழுந்தவை பூ, ஷ, ண, ட. இந்தக் கணக்கு வடமொழி ஒலிகளை வைத்துக் கட்டியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ணவும் டவும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். ட என்றதும் நினைவுக்கு வருகிறவள் டயானா மட்டும்தான். ரோமானியரின் வேட்டைத் தெய்வம், நிலவோடும் சேர்த்து வணங்கப்பட்டவள். ண-வில் தொடங்கிப் பெயர் வைக்க எந்த அத்தையாலும் முடியாது. பஞ்சாங்கக்காரர்களுக்கும் இது தெரியும்போலிருக்கிறது. பல பஞ்சாங்கங்களில் ண இருக்க வேண்டிய இடத்தில் ந என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முத்தம்மாள் என்பது என் அம்மாவின் பெயர். உரிமை என்று பார்த்தால் இந்தப் பெயருக்குத்தான் முதல் உரிமை. பேரன், பேத்தி என்கிறோமே, அவை பெயரன், பெயர்த்தி என்பதன் மரூஉ. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவதால்தான் அந்த உறவுக்கே அந்தப் பெயர். கிரேக்கர்களிடமும் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் இன்றுவரை இருக்கிறது. ஐரோப்பாவின் அஷ்கனாசி யூதர்களோ இதற்கு நேர் எதிர்: உயிரோடு இருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைக்கவே மாட்டார்கள், இறந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள்.

நம் வழக்கத்திலும் சிக்கல் இல்லாமல் இல்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடு ஒன்று உண்டு. மாமியாரின் பெயரை மகளுக்கு வைத்துவிட்டு, பெற்றவள் அதைச் சொல்லாமல் “பாப்பா”, “குட்டி” என்றே காலம் தள்ளிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. பதிவேட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்.

முத்தம்மாளைப் பழைய பெயர் என்று தம்பி மனைவி ஒதுக்கியபோதுதான் எனக்கு ரீட்டா டீச்சர் நினைவு வந்தது. ஏற்காட்டில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; எனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். பெயர் வைக்கப்போகிறோம் என்று அவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, “உன் அம்மாவும் நானும் ஒரே பெயர்க்காரிகள், தெரியுமா?” என்றார். எனக்குப் புரியவில்லை. ரீட்டா என்பது இத்தாலியரின் மார்கெரீட்டாவின் வால். மார்கெரீட்டா, மார்கரெட் எல்லாம் கிரேக்க மர்கரீத்தேசிலிருந்து பிறந்தவை. அதன் பொருள் முத்து. கிரேக்கருக்கே அந்தச் சொல் ஈரானியப் பக்கமிருந்து போனதாகக் கொள்கிறார்கள். பாரசீகத்தில் இன்றும் முத்துக்கு மர்வாரித் என்றுதான் பெயர். அதே மார்கரெட் வேல்ஸில் மேகன் ஆனாள், சுவீடனில் கிரேட்டா ஆனாள். பிரெஞ்சில் மார்கரித் என்பது டெய்சிப் பூவுக்கும் பெயராக இருந்ததால், ஆங்கிலேயர் மார்கரெட்டைச் செல்லமாக டெய்சி என்றும் கூப்பிட்டார்கள். கடலுக்குள் கிடந்த முத்து இப்படித் தரையேறிப் பூவாகிவிட்டது. அரபியில் முத்து லுலு. விளையாட்டுப் பெயர் போலத் தோன்றினாலும் அழகான சொல். வடமொழியில் முக்தா. முக்தா முத்திலிருந்து வந்ததா, முத்து முக்தாவிலிருந்து வந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நான் அதற்குள் போகப் போவதில்லை.

டீச்சர் காதில் எப்போதும் ஒற்றை முத்து வைத்த தோடுதான் இருக்கும். இத்தனை வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனி போட்டியாளர்கள். பூங்குழலியை முன்வைத்தவர் என் பெரியப்பா. அஸ்தத்தின் முதல் பாதத்துக்குப் பொருந்தும், பொருள் விளக்கத் தேவையில்லை, பூவும் குழலும் கண்ணெதிரே நிற்கும். எனக்குப் பிடித்த பெயர். ஆனால் தம்பி வேலை பார்ப்பது ஜெர்மனியில். கடவுச்சீட்டில் ழ-வுக்கு ‘இசட் எச்’ என்று இரண்டு எழுத்துப் போடுவோம். ஜெர்மானியர் இசட்டை ‘ட்ஸ்’ என்று படிப்பார்கள். பூங்குட்ஸ்ஹலி! கயல்விழிக்கும் யாழினிக்கும் அங்கே இதே கதிதான். கயல்விழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீனாட்சி வடமொழி, கயல்விழி தமிழ் என்று இரண்டு பேர் சண்டை போட்டால் இருவரும் ஒரே பெயருக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். மீன் போன்ற கண்ணுடையவள் மீனாட்சி. அதில் மீன் நம் மீன், கண்ணுக்குரிய ‘அட்சி’தான் அவர்களுடையது. மதுரையிலேயே அம்மனுக்கு அங்கயற்கண்ணி என்ற பெயரும் வழங்குகிறது.

தூய தமிழில்தான் வைக்க வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தபோது அவரிடம் நீலாம்பிகையை நினைவுபடுத்தினேன். 1916இல் வேதாசலம் மறைமலையடிகள் ஆகித் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதற்குத் தூண்டுதலாக இருந்தவர் அவருடைய மகள். அந்த இயக்கத்துக்காக வாழ்நாளெல்லாம் எழுதிய மகளின் பெயர் கடைசிவரை நீலாம்பிகைதான். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஷைலஜா சம்பந்தியம்மாவின் தேர்வு. ஷ பாதம், சேலத்துப் பெண், மலைக்கு அடிவாரத்தில் வீடு என்று மூன்று காரணம் சொன்னார். மூன்றும் சரியே. சைலம் என்றால் மலை; சைலத்தில் பிறந்தவள் சைலஜா, அதாவது பார்வதி. சேலம் என்ற ஊர்ப்பெயரே சைலத்திலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, சேரலத்திலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. என் அம்மாவுக்கு ஷ வராது, ஜ-வும் வராது. அவர் வாயில் பெயர் ‘சைலசா’ ஆகிறது. பாதிப் பெயர் ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறது!

ஷைலஜாவைச் சுருக்கி ஷீலா என்று கூப்பிடலாம் என்றும் சொன்னார். இங்கேதான் கவனம் வேண்டும். நம் ஷீலா வடமொழி, நல்லொழுக்கம் என்று பொருள். அயர்லாந்திலும் ஒரு ஷீலா இருக்கிறாள். அவள் லத்தீன் சிசிலியாவின் ஐரிஷ் வடிவம். சிசிலியாவின் வேரில் இருப்பதோ கண்பார்வையற்றவர் என்ற சொல். ஒலி ஒன்று, வேர் வேறு. தாராவும் இப்படித்தான். நமக்கு அவள் விண்மீன்; அயர்லாந்தில் பழைய அரசர்கள் முடிசூடிய குன்றின் பெயர் தாரா. பொருளைப் பார்த்து வைப்பதென்றால் ஷைலஜாவுக்கு உண்மையான தோழி ஐரிஷ் தாராதான், இரண்டு பேரும் மலைக்காரிகள்.

காவேரியைப் பென்சிலால் எழுதியவர் என் கணவர். சேர்வராயன் மலை உச்சியில், 5,300 அடிக்கு மேலே, குனிந்தே நுழைய வேண்டிய குகைக் கோயிலில் சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருப்பவள் காவேரியம்மன். மலையும் ஆறும் கணவன் மனைவியாக இருக்கும் அந்த இருட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் நின்ற யாருக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். ஆனால் காவேரி என்றதும் தண்ணீர் வழக்கு நினைவுக்கு வருகிறது. பெண் பிள்ளையை வாழ்நாள் முழுக்கத் தீர்ப்பாயத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சாரா, மியா இரண்டும் தம்பியுடையவை. “எந்த நாட்டிலும் வாயில் நுழையும், அக்கா” என்றான். உண்மைதான். சாரா எபிரேயச் சொல், இளவரசி என்று பொருள். சாராய் என்றிருந்த பெயரைக் கடவுள் சாரா என்று மாற்றியதாகப் பைபிளின் ஆதியாகமத்தில் வரும். தமிழில் அதே பொருளுக்கு இளவரசி என்றே பெயர் இருக்கிறது; வாழப்பாடிப் பக்கம் என் தோழி ஒருத்தி அந்தப் பெயரோடு காய்கறிக் கடை வைத்திருக்கிறாள், கம்பீரமாகவே இருக்கிறாள். தமிழ் எழுத்தில் சாரா என்று எழுதினால் ‘கட்சி சாரா’, ‘அணி சாரா’ என்ற எதிர்மறைதான் எனக்குக் கேட்கிறது. வகுப்புப் பிள்ளைகள் கூடவே ஒரு ‘யம்’ சேர்க்காமல் விடுவார்களா? மியாவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பூனை உள்ள வீடு எங்களுடையது.

ஆனால் மியாவின் தாய்ப்பெயரைப் பற்றிப் பேசலாம். அவள் மரியாவின் சுருக்கம். மரியா, மேரி, மரியம் எல்லாம் எபிரேய மிரியாமிலிருந்து வந்தவை. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான்; 19ஆம் அத்தியாயத்துக்கே அவர் பெயர். மிரியாமின் பொருள் என்ன என்பதில் கசப்பு, கலகம், வேண்டிப் பெற்ற பிள்ளை என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எபிரேயத்தில் ‘மர்’ என்றால் துளி, ‘யாம்’ என்றால் கடல் என்பதால் மிரியாமைக் கடலின் துளி என்று முன்பு விளக்கினார்களாம். அந்தத் துளி பிறகு கடலின் விண்மீன் ஆகிவிட்டது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில் கூட்டத்தில் நசுங்கி நின்றபோது இதை நினைத்துக்கொண்டேன். மாரி என்றால் மழை. மாரியம்மாளுக்கும் மரியம்மாளுக்கும் இடையே ஒரு கால்தான் வித்தியாசம். வேரில் தொடர்பு கிடையாது, ஆனாலும் இருவர் மேலும் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத பெயர் ஒன்றும் வந்தது. குழந்தை ஒரு மாதம் முன்னதாகப் பிறந்ததைக் கேட்ட என் தோழி, கோட்டைப் பகுதியில் இருப்பவள், “அப்படியானால் கதீஜாதான்” என்றாள். அரபியில் கதீஜா என்றால் நாள் நிரம்பும் முன்பே பிறந்தவள் என்று பொருளாம். ஆயிஷா உயிரோடு வாழ்பவள். குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்த வீட்டாருக்கு, இந்த இரண்டு பெயரையும் அடுத்தடுத்துச் சொன்னாலே போதும், வேறு பிரார்த்தனை தேவைப்படாது.

நல்ல பொருள் தேடி அலையும் இதே குடும்பத்தில்தான் என் சின்னம்மாவுக்குப் போதும்பொண்ணு என்று பெயர். ஐந்தாவது பெண். ‘வேண்டாம்’ என்று பெயர் வாங்கிய பெண்களும் தமிழ்நாட்டில் உண்டு. சீனாவில் லாய்தி என்று பெண்ணுக்குப் பெயர் வைப்பார்கள். தம்பியே வா என்று பொருள். ஜப்பானில் பழைய தலைமுறையில் தோமே, அதாவது நிறுத்து. மகாராஷ்டிரத்தில் நகுஷி, வேண்டாதவள். 2011இல் சதாரா மாவட்டத்தில் இப்படிப் பெயருடைய 285 சிறுமிகளை ஒரே விழாவில் கூட்டிப் புதுப்பெயர் கொடுத்தார்கள். எந்த மொழிக்கும் இதில் யோக்கியதை கிடையாது. பெண் சிசுக்கொலைக்கு ஒரு காலத்தில் பெயர்போன மாவட்டம் எங்கள் சேலம். வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்று வளர்க்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதும் இங்கேதான். இந்த ஊரில் தொட்டில் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும், பூச்சுற்றிய தொட்டில் அதற்குப் பிறகுதான். சின்னம்மா மட்டும் தன் பெயரைப் பற்றிக் குறைபட்டதே இல்லை. “எனக்குப் பிறகு தம்பி பிறந்தான். என் பெயருக்கு மதிப்பு இருக்கிறது” என்பார். என்னால் அதைக் கேட்டுச் சிரிக்க முடிந்ததில்லை.

எஞ்சியது நித்திலா. தம்பி மனைவி எழுதியது. நித்திலம் முத்துக்குப் பழைய தமிழ்ச் சொல். கொற்கை முத்தைக் கிரேக்கர் கப்பலில் வந்து வாங்கிய காலத்துச் சொல். கடைசியில் தொங்கும் ஆ மட்டும் கடன் வாங்கிய நகை. நித்திலவல்லி என்றிருந்தால் இலக்கணக்காரர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ழ இல்லை, ஷ இல்லை, எந்த ஊர் வாயிலும் உடையாது. மாமியாரின் பெயரையே மகளுக்கு வைத்தாயிற்று, ஆனால் மருமகள் தாராளமாகச் சொல்லிக் கூப்பிடலாம். இதை அவள் யோசித்து எழுதினாளா, தற்செயலா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எழுத்துக்கு என்ன செய்வது என்றால், பஞ்சாங்கத்தின் அந்த ந இருக்கிறதே! நி-யும் ந வரிசைதானே என்று சோதிடரைக் கேட்டேன். தலையாட்டினார்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், பதிந்தாயிற்று. பெயரைச் சேர்க்க ஒரு வருடம்வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் கட்டணத்தோடு 15 வருடம்வரை சேர்க்கலாம். அவசரமில்லை என்று தெரிந்தும் 30ஆம் நாளே தொட்டிலிட்டோம். காதில் மூன்று முறை சொன்னேன். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

“நித்திராவா? தூக்கம் என்றா பெயர் வைத்தாய்?”

நித்திலா அம்மா, நித்திலம், உன் பெயர்தான், முத்து என்று விளக்கினேன். அம்மா குழந்தையைப் பார்த்தார். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை கண்ணை மூடாத பிள்ளை அது.

“தூக்கம் என்றே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்கப் போனார்.